திருக்குன்றத்து இளைஞரும் பாஸ்டன் நகர மேடையும்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பேருந்தில் ஒருமுறை பயணம் செய்து பாருங்கள். வழியெங்கும் மானாவாரி நிலங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் நிற்கும். அரியலூரை நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் புழுதி கிளப்பிக் கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக விரையும். வெயிலும் வியர்வையுமான இந்த மண்ணில் இசைக்கு என்ன வேலை என்று எவருக்கும் தோன்றும். ஓர் இளைஞன் இசை பயிலக் கடல் கடந்து செல்வதும், அதற்காக ஊரார் பணம் திரட்டுவதும் சென்னைவாசிகளின் ஆடம்பரம் அல்லவா என்றும் தோன்றும்.

ஆனால், இதே மண்தான் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞரை இசை பயில வெளியே அனுப்பி வைத்தது. புரவலர்கள் அவருக்குச் சோறு போட்டுப் பயிற்சிக்குக் காலம் கொடுத்தார்கள். பெயர் பெற்றபின் அவர் மீண்டும் இம்மண்ணுக்கே வந்து சேர்ந்தார். அந்த வரலாற்றிலிருந்து தொடங்கி, நம் காலத்தில் இளம் கலைஞர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் முயற்சிகள் எவ்வாறு நடைபெறுகின்றன, நம் ஊர்களில் அப்படியொன்று எழுமானால் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை உங்களோடு அமர்ந்து சிந்திக்கவே இக்கட்டுரை.

நான் கற்கிறேன் என்ற துணிவு

உடையார்பாளையம் வட்டாரத்தில் பெரியதிருக்குன்றம் என்றொரு சிற்றூர். அங்கு 1790-ஆம் ஆண்டில் பிறந்தவர் கிருஷ்ணையர். இளமையிலேயே இசையில் நாட்டம் கொண்டு தஞ்சை அரண்மனையை அடைந்தார். அக்காலத்தில் தெலுங்கு நாட்டின் பொப்பிலியிலிருந்து கேசவையா என்னும் பெரும் பாடகர் தஞ்சைக்கு வந்தார். ‘கனம்’ என்று சொல்லப்படும் கடினமான பாடுமுறையில் அவர் வல்லவர். அடிவயிற்றிலிருந்து எழும்பும் நாதம், நீண்ட மூச்சு, உடல் வலிமை ஆகிய அனைத்தையும் கேட்கும் முறை அது.

அதனைக் கேட்டு வியந்த அரசர், தம் அவையில் இதைக் கற்கக்கூடியவர் உண்டா என்று வினவினார். மூத்த வித்துவான்கள் தயங்கினர். இளைஞரான கிருஷ்ணையர் நான் கற்கிறேன் என்று முன்வந்தார். கேசவையாவிடம் முறையைக் கேட்டறிந்த பின், நெடுங்காலம் கடும் பயிற்சி செய்தார். கபிஸ்தலத்து இராமபத்திர மூப்பனார் போன்ற செல்வர்கள் அவரை ஆதரித்தனர். ‘கனம்’ கிருஷ்ணையர் என்ற பெயர் நிலைத்தது. திருவிடைமருதூரில் சில காலம் இருந்த பிறகு, பிறந்த மண்ணுக்கு அருகிலேயே உடையார்பாளையம் ஜமீனின் சமஸ்தான வித்துவானாக அமர்ந்தார். அவர் இயற்றிய தமிழ்ப் பதங்கள் அவர் மறைந்த 1854-ஆம் ஆண்டுக்குப் பின்னரும் பாடப்பட்டு வந்தன.

வாசகர்களே, இந்நிகழ்ச்சியில் மூன்று செய்திகளைக் கவனியுங்கள். கற்க வேண்டிய கலை சொந்த ஊரில் இல்லை. வெளியிலிருந்துதான் பெற வேண்டியிருந்தது. கற்பதற்குத் தேவைப்பட்டது வெறும் ஆசை அன்று. வேறு வேலை எதுவும் செய்யாமல் பயிற்சி ஒன்றையே செய்யும் ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த ஆண்டுகளில் அவருடைய அடுப்பு எரிய வேறொருவர் பொறுப்பேற்றுக் கொண்டார். இன்று உதவித்தொகை என்று நாம் வழங்கும் சொல்லின் பொருள் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஊரார் இட்ட சோறு

கனம் கிருஷ்ணையரிடம் குருகுலவாசம் செய்து இசை பயின்ற உறவினர் வேங்கடசுப்பையர். இந்த வேங்கடசுப்பையரின் மகன்தான் தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர். 1855-ஆம் ஆண்டில் பிறந்த அவருடைய இளமைக் காலத்தின் பெரும்பகுதி அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் ஆகிய ஊர்களில் கழிந்தது. தந்தையார் இராமாயணப் பிரசங்கம் செய்வார். ஊரார் மனமுவந்து அளிக்கும் பொருளிலும் தானியத்திலும் குடும்பம் நடக்கும். மகனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊருக்குக் குடும்பமே பெயரும்.

அரியலூரில் சடகோபையங்காரும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரும் அச்சிறுவருக்குப் பாடம் சொன்னார்கள். இறுதியில் ரெட்டியார், தமக்குத் தெரிந்தது இவ்வளவே என்பதை உணர்ந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ப் படிக்குமாறு வழிகாட்டினார். 1871-ஆம் ஆண்டில் அந்த இளைஞர் மாயூரத்தை அடைந்தார். பின்னர் சங்க நூல்களும் காப்பியங்களும் அச்சேறியதும், தந்தையின் குருவான கனம் கிருஷ்ணையரின் வரலாற்றை அவரே தனி நூலாக எழுதியதும் நாம் அறிந்தவை.

பிள்ளையின் தகுதி தம் எல்லையைக் கடந்துவிட்டது என்று கண்டபோது, அவனைத் தம்மிடமே கட்டி வைக்காமல் மேலே அனுப்பி வைத்தாரே, அந்த ரெட்டியாரின் பெருந்தன்மையை எண்ணிப் பாருங்கள். இளைஞர்களை வெளியே அனுப்பும் எந்தச் சங்கத்துக்கும் இதுவே முதற்பாடம். நம்மிடம் இருப்பது போதாது என்று ஒப்புக்கொள்ளத் துணிந்தவர்களால்தான் அடுத்த தலைமுறையை வளர்க்க முடியும்.

ஸ்ரீரங்கத்தில் ஒலித்த நாதசுரம்

கொள்ளிடத்துக்கு அப்பால் ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா சாகிப் அவர்களை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆந்திரத்தின் ஓங்கோல் பகுதியில், கரவதி என்னும் ஊரில், 1924-ஆம் ஆண்டில் நாதசுரக் கலைஞர்களின் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தஞ்சைப் பாணியைக் கற்க வேண்டும் என்ற வேட்கையால் மொழி வேறான தமிழகத்துக்கு வந்து, நாச்சியார்கோவில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்றார். பின்னர் ஸ்ரீரங்கத்தையே தம் ஊராக்கிக் கொண்டார்.

1977-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும், 1998-ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும் அவரைத் தேடி வந்தன. 1999-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் வழியில் ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து நாதசுரம் வாசிக்கும் ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபி மகபூப் தம்பதியருக்கு 2020-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கணவனும் மனைவியும் அருகருகே அமர்ந்து நாதசுரம் வாசிக்கும் இந்த இணைக்குக் கிடைத்த சிறப்பு, கலையில் பெண்ணின் பங்கை நமக்கு நினைவூட்டுகிறது.

ஓங்கோலிலிருந்து நாச்சியார்கோவில் அக்காலத்தில் அயல்நாட்டுக்கு நிகரான தொலைவுதான். மொழி வேறு, உணவு வேறு, பழக்கம் வேறு. அதனைக் கடந்து கற்றவரால்தான் ஒரு பரம்பரையே உருவாயிற்று.

பாஸ்டனில் ஒரு நாள்

இனி நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1945-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பெர்க்லீ இசைக் கல்லூரி, நவீன இசைக்கென உலகப் புகழ் பெற்றது. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள், நம் தமிழகத்து இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் அவர்களுக்கு அக்கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. அன்று பாஸ்டன் சிம்பொனி அரங்கில் மாணவர்கள் அவருடைய பாடல்களை இசைத்தனர். நிகழ்ச்சியின் வருவாய், இந்திய மாணவர்கள் அங்கு வந்து பயில அவர் பெயரால் அமைந்த உதவித்தொகைக்கெனச் சென்றது. ஒரே மாலையில் ஒருவருக்குப் பெருமையும், முகம் தெரியாத பல பிள்ளைகளுக்கு வழியும் பிறந்தன.

இதில் உள்ளத்தைத் தொடும் செய்தி ஒன்றுண்டு. இளமையில் தாமே பெர்க்லீயில் பயில விரும்பியதாக ரஹ்மான் கூறியிருக்கிறார். திரைப்பணி அழைத்துக் கொண்டது. ஒன்பது வயதிலேயே, 1976-ஆம் ஆண்டில், தந்தையார் ஆர்.கே. சேகரை இழந்தவர் அவர். தந்தை விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் தாயார் குடும்பத்தைத் தாங்கினார். தமக்குக் கிட்டாத வாய்ப்பு பிறருக்குக் கிட்டட்டும் என்று எண்ணுவதற்குப் பரந்த மனம் வேண்டும்.

அவர் 2008-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய கே.எம். இசைப்பள்ளி, இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, இங்கே சில ஆண்டுகள் பயின்று அங்கே பட்டம் முடிக்கும் வழியைத் திறந்தது. அவருடைய அறக்கட்டளை ‘சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற பெயரில் வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வயலின் முதலிய கருவிகளைக் கட்டணமின்றிக் கற்பித்தது. வெளிநாட்டுப் படிப்புக்கு உதவுவது கடைசிப் படி. அதற்குக் கீழே உள்ள படிகளையும் யாராவது கட்டித் தந்தால்தான் ஏழைப் பிள்ளை அந்தக் கடைசிப் படிவரை ஏறி வர முடியும். இந்த உண்மையை அம்முயற்சி நமக்குக் காட்டுகிறது.

காபூலிலிருந்து லிஸ்பன் வரை

உதவி என்பது முன்னேற்றத்துக்கு மட்டுமன்றி உயிருக்கே அரணாகும் சூழலும் உண்டு. ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த அகமது சர்மஸ்த் என்னும் இசையறிஞர், மாஸ்கோவிலும் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். அங்கேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ தாய்நாட்டுக்குத் திரும்பி 2010-ஆம் ஆண்டில் காபூலில் ஆப்கானிஸ்தான் தேசிய இசைக் கல்வி நிலையத்தைத் திறந்தார். இடங்களில் பாதியை அனாதைகளுக்கும் தெருவில் பிழைத்த சிறுவர்களுக்கும் ஒதுக்கினார். ‘சுஹ்ரா’ என்ற பெயரில் பெண்பிள்ளைகள் மட்டுமே அடங்கிய இசைக்குழு அங்கு உருவாயிற்று. 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு கலை நிகழ்ச்சியின்போது நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதலில் அவர் படுகாயமுற்றுச் செவித்திறனும் பாதிக்கப்பட்டார். ஆனாலும் பள்ளியை மூடவில்லை.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆட்சி மாறியபோது பள்ளியின் கதவுகள் அடைபட்டன. உலகின் பல பகுதிகளிலுள்ள கலைஞர்களும் அன்பர்களும் நிதி திரட்டினர், அரசுகளிடம் மன்றாடினர். கத்தார் நாட்டின் தோஹா வழியாக, மாணவர்கள், ஆசிரியர்கள், பணியாளர்கள், குடும்பத்தினர் என 273 பேர் வெளியேறி, அவ்வாண்டு டிசம்பரில் போர்ச்சுகல் நாட்டின் தலைநகர் லிஸ்பனை அடைந்தனர். பின்னர் அந்நாட்டின் பிராகா முதலிய நகரங்களில் பயிற்சியைத் தொடர்ந்தனர்.

பாலஸ்தீனத்தில் பிறந்த பேரறிஞர் எட்வர்டு சயீத் அவர்களும், பியானோ கலைஞர் டேனியல் பாரன்பாயிம் அவர்களும் 1999-ஆம் ஆண்டில் அரபு இளைஞர்களையும் இஸ்ரேலிய இளைஞர்களையும் ஒரே இசைக்குழுவில் அமர்த்தினார்கள். சயீத் 2003-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் பெயரையும் தாங்கிய இசைக் கல்விக்கூடம் ஒன்று 2016-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் பாடம் தொடங்கி, மத்தியக் கிழக்கு நாடுகளின் இளைஞர்களுக்கு உதவித்தொகையுடன் இடமளித்தது. நாடிழந்த பிள்ளைக்கு ஒரு வகுப்பறையும் ஒரு கருவியும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாடுள்ள நாம் எளிதில் உணர முடியாது.

பணம் திரளும் வழிகள்

வெளிநாட்டில் இசை பயிலும் செலவு கல்விக் கட்டணத்தோடு முடிவதில்லை. விண்ணப்பக் கட்டணம், தகுதித் தேர்வுக்குச் சென்றுவரும் செலவு, ஆங்கிலத் தேர்வு, விசா, மருத்துவக் கட்டணம், விமானச் சீட்டு, தங்குமிடம், உணவு, நல்ல கருவி என்று பட்டியல் நீளும். பிரிட்டன் நாட்டு மாணவர் விசாவுக்கு, கட்டணம் போக ஒன்பது மாதம் வரையிலான வாழ்க்கைச் செலவுக்குரிய தொகையைத் தொடர்ந்து 28 நாட்கள் வங்கியில் வைத்துக் காட்ட வேண்டும் என்பது விதி. மருத்துவக் கூடுதல் கட்டணத்தையும் முன்கூட்டியே செலுத்த வேண்டும். இடம் கிடைத்த பிறகு பணம் தேடிக் கொள்ளலாம் என்று எண்ணுவோர் இந்த இடத்தில்தான் திகைத்து நின்று விடுகிறார்கள்.

இத்தகைய செலவுக்குப் பொருள் திரட்டும் வழிகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, பாஸ்டனில் நிகழ்ந்ததுபோல் நிகழ்ச்சி நடத்தி அதன் வருவாயை ஒதுக்குவது. இரண்டாவது, நிலையான ஒரு மூலதனத்தை வைப்பாக வைத்து, அதன் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் உதவுவது. மூன்றாவது, கடனாக உதவி, பின்னர் திரும்பப் பெற்று அடுத்தவருக்கு அளிப்பது.

மூன்றாவது வழிக்கு நம் நாட்டில் நல்ல முன்மாதிரி உண்டு. ஜாம்ஷெட்ஜி டாடா 1892-ஆம் ஆண்டில் இந்தியர்களின் வெளிநாட்டு உயர்கல்விக்கென ஒரு நிதியத்தை ஏற்படுத்தினார். அது தானமாக அன்றி, கடன் உதவித்தொகையாகப் பணம் கொடுத்தது. திரும்பி வரும் பணம் வேறொரு மாணவருக்குச் சென்றது. கேரளத்தின் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கே.ஆர். நாராயணன் டாடா உதவியுடன் இலண்டனில் பயின்று, 1997-ஆம் ஆண்டில் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அணு விஞ்ஞானி இராஜா இராமண்ணாவும் டாடா உதவி பெற்று இலண்டன் சென்றவரே. அவர் சிறந்த பியானோ கலைஞராகவும் விளங்கினார் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

இசைக்காகவே உதவி பெற்றுச் சென்றவர்களும் உண்டு. வன்ராஜ் பாட்டியா இலண்டனின் ராயல் அகாடமியில் பயின்று, பின்னர் உதவித்தொகையுடன் பாரிஸில் நாடியா பூலான்ஞே என்னும் பெரும் ஆசிரியையிடம் கற்றார். நாடு திரும்பி டில்லிப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தார். ஷ்யாம் பெனகல் படங்களுக்கு இசையமைத்தார். வெளியே சென்று கற்ற கல்வி உள்நாட்டு மாணவர்களுக்கும் ரசிகர்களுக்கும் திரும்பி வந்து சேர்ந்ததற்கு அவர் ஒரு சான்று.

நம் ஊர்களில் ஒரு சங்கம் எழுமானால்

இனி நம் வாசற்படிக்கு வருவோம். லெப்பைக்குடிகாடு, வி. களத்தூர் போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் உழைக்கும் பிள்ளைகளைப் பெற்ற வீடுகள் பல. பள்ளிவாசல் கட்டவும், குமர்களைக் கரையேற்றவும், நோயாளிக்கு மருத்துவம் பார்க்கவும் அந்த உழைப்பாளிகள் அள்ளிக் கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். பெரம்பலூரிலும் அரியலூரிலும் எல்லாச் சமுதாயத்தவரும் இணைந்த ஒரு கலைச் சங்கம், ஆண்டுக்கு ஒரே ஒரு மாணவரையேனும் மேற்படிப்புக்கு அனுப்புவதென்று உறுதி பூண்டால் அது நடவாத காரியமன்று. ஆனால் நல்லெண்ணம் மட்டும் போதாது. கீழ்க்கண்டவற்றைத் தொடக்கத்திலேயே ஒழுங்கு செய்தாக வேண்டும்.

முதலாவது, சட்டப்படியான உருவம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி சங்கத்தைப் பதிவு செய்யலாம். அல்லது அறக்கட்டளையாக அமைக்கலாம். தனிநபர் ஒருவரின் வங்கிக் கணக்கில் பொதுப் பணம் விழக்கூடாது. அவர் எவ்வளவு நல்லவராயினும் கூடாது. வெளிநாட்டில் ஒரு மாணவருக்காகச் செலவிடும்போது எழும் வருமான வரிச் சிக்கல்களைப் பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கடல் கடந்து வரும் நன்கொடை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வளைகுடாவில் உழைத்துச் சேமித்த தம் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால், சட்டம் அதனை அந்நிய நன்கொடையாகக் கருதுவதில்லை. ஆனால், மலேசியக் குடியுரிமையோ சிங்கப்பூர்க் குடியுரிமையோ பெற்றுவிட்ட உறவினர் அனுப்புவது அந்நிய நன்கொடையாகும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்கீழ் உரிய பதிவோ அனுமதியோ இன்றிச் சங்கம் அதனைப் பெறக்கூடாது. மாமா அனுப்பினார், மச்சான் அனுப்பினார் என்று பாராது பெற்றுக் கொண்டு பின்னர் வழக்கில் சிக்குவதைவிட, இந்த வேறுபாட்டை முதலிலேயே அறிந்து கொள்வது நலம்.

மூன்றாவது, தேர்வு. இங்குதான் சங்கங்கள் உடைகின்றன. நிர்வாகியின் மருமகன், தலைவரின் தெருக்காரர் என்ற பேச்சு எழுந்த மறுநாளே நன்கொடை நின்றுவிடும். இரு மாவட்டங்களுக்கும் வெளியிலிருந்து இசை அறிந்த நடுவர்களை அழைத்து, திரைக்குப் பின்னிருந்து பாடவும் வாசிக்கவும் வைத்துக் கேட்கட்டும். மேலைநாட்டு இசைக்குழுக்கள் பல இம்முறையைக் கையாளுகின்றன. முகம் தெரியாதபோது காது நடுநிலையாகி விடுகிறது.

நான்காவது, தவணை. முழுத் தொகையையும் ஒரே நாளில் மேடையில் பெரிய காகிதக் காசோலையாகக் கொடுத்துப் படம் எடுத்துக் கொள்வதால் மாணவருக்கு நன்மையில்லை. கட்டணத்தைக் கல்லூரிக்கே நேரடியாகச் செலுத்தி, வாழ்க்கைச் செலவைப் பருவந்தோறும் அனுப்புவதே இருதரப்புக்கும் பாதுகாப்பு. முதல் ஆண்டுக்கு மட்டும் பணம் திரட்டி அனுப்பிவிட்டு, இரண்டாம் ஆண்டு கைவிரித்தால் அந்தப் பிள்ளையின் நிலை என்ன? படிப்பு முடியும் வரையிலான தொகைக்கு வழி தெரிந்த பின்னரே விமானச் சீட்டு எடுக்க வேண்டும்.

ஐந்தாவது, அடித்தளம். பெரம்பலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உண்டு. கொள்ளிடத்துக்குத் தெற்கே திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி உண்டு. சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறை உண்டு. அங்கெல்லாம் பயிலும் பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு வயலினும் வாங்கித் தருவதற்கு இலட்சங்கள் தேவையில்லை. அந்தச் சிறு உதவிகளைப் பத்துப் பேருக்குச் செய்து வந்தால், அவர்களிலிருந்து அடுத்த நாட்டுக்குச் செல்லத் தகுதியான ஒருவர் தாமே முளைத்து வருவார்.

மனத்தில் எழும் கேள்விகள்

நம் இல்லங்களில் இக்கட்டுரையை வாசிக்கும் பெரியவர்கள் சிலர் புருவம் உயர்த்துவார்கள் என்பதை அறிவேன். இசை குறித்து, குறிப்பாக இசைக்கருவிகள் குறித்து, மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகவே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குத் தீர்ப்பு வழங்க இக்கட்டுரை வரவில்லை. அதற்குரிய தகுதியும் எனக்கில்லை. உங்கள் உள்ளம் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். ஆனால், பொருள் விஷயத்தில் எவரும் மறுக்க முடியாத இரண்டு ஒழுங்குகள் உண்டு.

ஒன்று, ஜகாத் நிதியை இதனோடு கலக்கக்கூடாது. ஜகாத் பெறுவோர் எட்டு வகையினர் என்று திருக்குர்ஆன் அத்தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் வரையறுத்திருக்கிறது. கலைச் சங்கத்துக்குக் கொடுப்பவர் தம் ஜகாத்தைத் தனியே நிறைவேற்றிவிட்டு, மனமுவந்த நன்கொடையாகக் கொடுக்கட்டும். சங்கமும் இதைத் தன் ரசீதிலேயே தெளிவாக அச்சிடட்டும். கொடுத்தவர் ஒன்றை எண்ணிக் கொடுக்க, வாங்கியவர் வேறொன்றுக்குச் செலவிடுவது அமானிதத்துக்கு இழைக்கும் தீங்காகும்.

மற்றொன்று, கடனாகக் கொடுத்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282-ஆம் வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியும் சாட்சி பற்றியும் பேசுவது. ‘நம்ம பிள்ளைதானே, பிறகு பார்த்துக் கொள்ளலாம்’ என்ற பேச்சால் பிரிந்த உறவுகள் எத்தனை! வட்டியில்லாத அழகிய கடனாக, தவணையும் விதியும் எழுதி, படிப்பு முடிந்து வேலை கிடைத்தபின் திருப்பித் தரும் ஏற்பாடு செய்தால், வாங்குபவரின் தன்மானமும் காக்கப்படும். அடுத்தவருக்கு வழியும் திறந்திருக்கும்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை இசையைப் படித்தால் பிழைப்பானா என்ற உங்கள் அச்சம் நியாயமானது. அதனை ஏளனம் செய்வோர் உங்கள் அடுப்படியைக் காணாதவர்கள். மேடையில் புகழ் பெறுவோர் சிலரே. ஆனால் இசையாசிரியர், ஒலிப்பதிவுப் பொறியாளர், திரைப்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் இசை அமைப்பவர், இசைக்குழுவில் வாசிப்பவர் என்று அத்துறையில் உழைத்துப் பிழைக்கும் வழிகள் பல. வெளிநாட்டுக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயரை மட்டும் பார்க்காமல், முடித்து வந்தவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பதையும் விசாரித்தறியுங்கள். பெர்க்லீ போன்ற கல்லூரிகள் விண்ணப்பிப்போரைப் பாடவும் வாசிக்கவும் செய்து, நேர்முகமும் கண்டு, பின்னரே இடம் தருகின்றன. ஆகவே இடம் கிடைத்ததே பிள்ளையின் தகுதிக்கு ஒரு சான்று. பணம் செலுத்தினால் எவரையும் சேர்த்துக் கொள்ளும் கூடங்களை நம்பி நிலத்தை அடகு வைக்காதீர்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். ஊர்ப் பணத்தில் பயின்றவர் ஊருக்குக் கடமைப்பட்டவர். ஊரிலேயே வந்து அமர வேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஆண்டுக்கு ஒரு மாதம் வந்து, பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் செல்லலாமே! உதவியைப் பெறும் நாளிலேயே இதை ஒரு வாக்குறுதியாக ஏற்றுக் கொள்ளுங்கள்.

அன்பு வாசகர்களே! தஞ்சை அவையில் அன்று அரசர் கேட்ட கேள்வியை மீண்டும் எண்ணிப் பாருங்கள். கற்கக்கூடியவர் உண்டா என்று அவர் கேட்டார். உண்டு என்று ஓர் இளைஞரின் குரல் எழுந்தது. இன்று நம் இரு மாவட்டங்களிலும் அந்தக் குரல் எங்கோ ஒரு வீட்டில் எழுந்து கொண்டுதான் இருக்கும். கடை அடைத்த பின் திண்ணையில் அமர்ந்து பழைய ஆர்மோனியத்தைத் தடவும் ஒரு சிறுவனாக இருக்கலாம். அடுப்படியில் தாய்க்கு உதவிக் கொண்டே வாய்க்குள் முனகும் ஒரு சிறுமியாக இருக்கலாம். அவர்களுக்காகப் பொறுப்பேற்க ஒருவர் உண்டா என்பதே இன்று நம்மை நோக்கி நிற்கும் கேள்வி.

இந்த இதழை மூடி வைக்குமுன், உங்கள் தெருவில் அப்படியொரு பிள்ளை உண்டா என்று ஒருகணம் நினைத்துப் பாருங்கள். இருந்தால், வரும் வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒருமுறை சென்று வாருங்கள். மற்றவை அதன்பின் தொடங்கட்டும்.